ஏற்கெனவே வீட்டில் உள்ள ஸ்பீக்கர்களுக்கும் டிவிக்கும் பொருத்தமான ஏவி ரிசீவரை (டிவி, பிளேயர்களின் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டியை) எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஸ்பீக்கரைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். இம்பீடன்ஸ் (கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) எத்தனை ஓம், சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்பது) எத்தனை டெசிபல் என்ற இரண்டு எண்கள் வேண்டும் (இரண்டாவது பெரும்பாலும் மேனுவலில்தான் இருக்கும்). அடுத்து, டிவியின் எந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்குப் பக்கத்தில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள் (ஏஆர்சி, டிவியின் ஒலியை அதே கேபிளில் ரிசீவருக்கு அனுப்பும் வசதி; இஏஆர்சி அதன் மேம்பட்ட வடிவம்). இவை தெரியாமல் மாடல்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண்.

முதலில் ஓம். 8 ஓம் ஸ்பீக்கரை எந்த ரிசீவரும் ஓட்டும். 6 ஓமையும் இன்றைய ரிசீவர்களில் பெரும்பாலானவை சமாளிக்கும். 4 ஓம் என்றால்தான் யோசிக்க வேண்டும். ஓம் பாதியானால் அதே வோல்டேஜுக்கு ஸ்பீக்கர் இழுக்கும் கரண்ட் இரட்டிப்பாகும். ரிசீவரின் பவர் சப்ளை அதைக் கொடுக்க முடியாவிட்டால் சூடேறி, புரொடெக்ஷனுக்குப் போய்த் தானாக அணைந்துவிடும். ஸ்டிக்கரில் இருப்பது பெயரளவு எண்தான் என்பதையும் மறக்க வேண்டாம். 6 ஓம் என்று போட்ட டவர் ஸ்பீக்கர் (தரையில் நிற்கும் உயரமான வகை) சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்குவது சாதாரணம். எனவே ரிசீவரின் பின்புறம், ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகில் 4-16 ஓம் என்று இருக்கிறதா, 6-16 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏ, பி என்று இரண்டு ஜோடி முன் ஸ்பீக்கர்களை ஒன்றாக ஓட்டும் எண்ணம் இருந்தால், இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஓமாகவும், இரண்டு 6 ஓம் சேர்ந்து 3 ஓமாகவும் ரிசீவருக்குத் தெரியும்.

சில ரிசீவர்களில் இம்பீடன்ஸை 4 அல்லது 6 ஓமுக்கு மாற்றும் செட்டிங் இருக்கும். அதை மாற்றுவதால் ரிசீவருக்குக் கூடுதல் பலம் வந்துவிடாது. சூடு ஏறாமலிருக்க உள்ளுக்குள் வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் வாட்ஸ். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். "150 வாட்ஸ், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், 1 சேனல்" என்பதும், "80 வாட்ஸ், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08% டிஸ்டார்ஷன், 2 சேனல்" என்பதும் ஒரே ரிசீவரின் இரண்டு வர்ணனைகளாக இருக்கலாம் (டிஸ்டார்ஷன் என்றால் ஒலிச் சிதைவு, சேனல் என்றால் ஒரு ஸ்பீக்கருக்கான ஒலிவழி). இரண்டாவது வகை வரியைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் ஒப்பிடுங்கள். ஐந்து சேனலும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் ஓடினால் அந்த 80-ம் கணிசமாகக் குறையும். ஆனால் எந்தப் படத்திலும் ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து உச்சத்தில் அலறுவது அபூர்வம் என்பதால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு வாட்ஸ் தேவை என்பதைச் சென்சிட்டிவிட்டிதான் சொல்லும். 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் சத்தம் தரும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்தவெளிக் கணக்கில் சுமார் 9.5 டெசிபல் போய் 77.5 மிஞ்சும், அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு இன்னும் குறைவு. ஒரே ஒரு வாட்டில் இவ்வளவு! 10 வாட்டில் 87.5, 100 வாட்டில் 97.5. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. 80 வாட்ஸ் மாடலுக்கும் 100 வாட்ஸ் மாடலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே டெசிபல், அதாவது காதுக்குத் தெரிந்தும் தெரியாமலும். 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டில் தருவதை 87 டெசிபல் ஸ்பீக்கர் தர 100 வாட்ஸ் வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கராக இருந்து, சென்சிட்டிவிட்டியை 2.83 வோல்ட்டில் அளந்ததாக எழுதியிருந்தால் அது உண்மையில் இரண்டு வாட்டில் அளந்தது. 3 டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள். "20-150 வாட்ஸ் பரிந்துரை" என்று ஸ்பீக்கரில் இருந்தால் 150 வாட்ஸ் ரிசீவர் கட்டாயம் என்று பொருளல்ல. ட்வீட்டர்களை (உயர் அதிர்வெண் ஒலி தரும் சிறு ஸ்பீக்கர்களை) கருக்குவதில் பலமில்லாத ரிசீவரை உச்ச வால்யூமில் வைத்துக் கிளிப்பிங் (ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுவது) ஆக விடுவதற்கும் பெரிய பங்குண்டு.

ஒரு விதிவிலக்கு. உங்களிடம் இருப்பது டிவிடி பிளேயருடன் செட்டாக வந்த ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்கள் என்றால், ரிசீவர் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். அவற்றில் பல 3 ஓம். கூட வரும் பேஸ் பெட்டியான சப்வூஃபருக்குள் ஆம்ப்ளிஃபையர் இருக்காது. ரிசீவரின் சப்வூஃபர் அவுட்டிலிருந்து வருவதோ வெறும் சிக்னல்தான், அதை வைத்து அந்தப் பெட்டியை ஓட்ட முடியாது. அங்கே முதலில் மாற்ற வேண்டியது ஸ்பீக்கர்களை.

சேனல் எண்ணிக்கை விஷயத்தில் என் கருத்து: இப்போது 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) மட்டும் இருந்தாலும் 7 சேனல் ரிசீவர் வாங்குங்கள். பிறகு கூரையில் இரண்டு ஸ்பீக்கர் சேர்த்து 5.1.2 அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) ஆக்கிக்கொள்ளலாம். 9 சேனலுக்கு மேல் போவது பெரிய அறை இருப்பவர்களுக்கு. 4 ஓம் டவர் வைத்திருப்பவர்கள் சேனலைவிட, முன் ஸ்பீக்கர்களுக்கான ப்ரீ-அவுட் (பெருக்காத சிக்னலை வெளியே தரும் முனை) இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பின்னாளில் தனி பவர் ஆம்ப்ளிஃபையர் சேர்க்க வழி திறந்திருக்கும்.

இனி டிவி. இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். ஏஆர்சி 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. இஏஆர்சி அதற்குப் பின் எச்டிஎம்ஐ 2.1-உடன். ஓடிடி செயலிகளில் வரும் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருவதால் சாதாரண ஏஆர்சி வழியாகவே போக முடியும். இஏஆர்சி தேவைப்படுவது ப்ளூரே டிஸ்க்கின் இழப்பில்லாத டால்பி ஒலியான ட்ரூஎச்டிக்கும், டிவியில் செருகிய கேம் கன்சோலின் சுருக்கப்படாத ஒலியான மல்டிசேனல் பிசிஎம்முக்கும்தான். எனவே டிவியில் ஏஆர்சி மட்டும் இருந்தால் டிவியை மாற்ற ஓடாதீர்கள். ப்ளூரே பிளேயரையும் கன்சோலையும் ரிசீவரில் செருகி, படத்தை மட்டும் டிவிக்கு அனுப்பினால் போதும். டிடிஎஸ் (டால்பி போன்ற இன்னொரு ஒலி வடிவம்) சத்தத்தை டிவிகள் பல கடத்துவதே இல்லை. அதற்கும் இதுதான் வழி. ஆப்டிக்கல் கேபிளில் டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான், அட்மாஸ் வராது.

4கே 60-க்கு (விநாடிக்கு 60 பிரேம்) எச்டிஎம்ஐ 2.0, எச்டிசிபி 2.2 (நகல் தடுப்பு முறை) உள்ள ரிசீவர் போதும். 4கே 120-ல் விளையாடுபவர்களுக்குத்தான் 2.1 போர்ட் வேண்டும். டிவியிலும் ரிசீவரிலும் இஏஆர்சி இருந்தால் அதுவும் வேண்டாம்: கன்சோலை நேராக டிவியில் செருகி, சத்தத்தை மட்டும் ரிசீவருக்கு இறக்கலாம். பழைய ரிசீவர் வாங்குபவர்கள், 2020-ல் வந்த முதல் தலைமுறை 2.1 மாடல்கள் சிலவற்றில் 4கே 120 சிக்னல் சரியாகக் கடக்காத சிப் கோளாறு இருந்ததை நினைவில் வையுங்கள். டிவியில் டால்பி விஷன் (படத்தின் வெளிச்ச, நிற வேறுபாட்டைக் கூட்டும் எச்டிஆர் வடிவம்) இருந்தால் ரிசீவரும் அதைக் கடத்த வேண்டும். சாம்சங் டிவிகள் அதற்குப் போட்டியான எச்டிஆர்10 பிளஸ் பக்கம், ஆகவே அங்கே பார்க்க வேண்டியது அது.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லையா? மூன்று இடங்களைப் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள், டிவியின் ஏஆர்சி போர்ட்டிலிருந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டுக்குப் போகிறதா (தவறுதலாக "இன்" போர்ட்டில் செருகுவது சகஜம்). சிஇசி (எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி) இரண்டு பக்கமும் ஆன் ஆகியிருக்கிறதா. டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் பிசிஎம்மில் இருக்கிறதா. இருந்தால் பாஸ்த்ரூ அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள், இல்லையேல் வெறும் ஸ்டீரியோதான் வரும்.

ஒயர்: 8 ஓமுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 4 ஓம் அல்லது நீண்ட தூரத்துக்கு 2.5. ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் புரொடெக்ஷனுக்குப் போகும். ரிசீவருக்கு மேலே பத்து செ.மீ.யாவது காற்று போக இடம் விடுங்கள்.

கடைசியாக, அறையின் ஒலியை அளந்து ஸ்பீக்கர்களைச் சரிசெய்யும் ஆடிஸி, டிராக் போன்ற மைக் அளவீட்டை ஓட்டியபின் அதன் முடிவை அப்படியே விட்டுவிடாதீர்கள். டவர் ஸ்பீக்கர்களை "லார்ஜ்" என்று குறித்திருந்தால், சப்வூஃபர் இருக்கும்பட்சத்தில் "ஸ்மால்" ஆக்கி, கிராஸ்ஓவரை (பேஸ் சப்வூஃபருக்குப் பிரியும் அதிர்வெண்ணை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கீழ் பேஸ் சப்வூஃபருக்குப் போய்விடுவதால் ரிசீவரின் பாரமும் இறங்கும். சப்வூஃபரிலேயே உள்ள கிராஸ்ஓவர் திருகை அதிகபட்சத்தில் விடுங்கள். சப்வூஃபரின் தூரத்தை மைக் அளவீடு நிஜத்தைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூட்டிக் காட்டினால் பிழை என்று நினைத்துத் திருத்தவும் வேண்டாம். சப்வூஃபரின் உள் சர்க்யூட் ஏற்படுத்தும் தாமதத்தையும் சேர்த்தே அது தூரமாகக் கணக்கிடுகிறது.