கூத்து வைக்கலாம் வாங்க: வாசகர் கேள்வி பதில்

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு இந்த வருடம் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் தெருக்கூத்து வைக்கிறோம். என்னென்ன ஏற்பாடு வேண்டும்?
– வாசகர், ஓமலூர்

பங்குனி, சித்திரையில் ஜமாக்களுக்கு, அதாவது கூத்துக் குழுக்களுக்கு, ஓய்வே இருக்காது. மாசிக்கு முன்பே ஜமாவை நடத்தும் வாத்தியாரை நேரில் பார்த்து, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து, கதையையும் அப்போதே பேசிவிடுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு கதைதான். ‘திரௌபதி துகிலும் வேண்டும், கர்ண மோட்சமும் வேண்டும்’ என்று கேட்டால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

மேடை கட்டாதீர்கள். இருபதடிச் சதுரத்துக்குச் சமதரை போதும். முந்தின நாளே கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மண்ணைக் கெட்டிப்படுத்துங்கள். காலில் சலங்கையோடு வெறுங்காலில் கிறுகி (சுழன்று) ஆடுபவர்களுக்குச் சிமெண்ட் தரை முழங்காலைப் பதம் பார்த்துவிடும். பின்பக்கம் மேளக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, அதற்குப் பின்னால் வேஷம் கட்ட மறைப்பு. மறைப்புக்குள் பாய், நல்ல வெளிச்சம், தேங்காய் எண்ணெய், விடிந்ததும் அரிதாரம் கழுவ வெந்நீர். மரக்கட்டை அணிகளும் கிரீடமும் வைத்த கட்டை வேஷம் கட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகலாம். அதனால் சாப்பாட்டை ஏழு மணிக்குள் போட்டுவிடுங்கள். பத்து மணிக்குச் சோறு போட்டுவிட்டு ‘கூத்து ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை’ என்று கேட்பது நியாயமில்லை. ஒரு மணி வாக்கில் எல்லோருக்கும் டீ.

விளக்கை எதிரே உயரத்தில் இரண்டு பக்கமும் கட்டுங்கள். ஒற்றை எல்இடி ஃபோகஸை முகத்துக்கு நேரே அடித்தால் அரிதாரத்தின் நிறம் வெளிறிப்போகும், ஆடுபவருக்கும் கண் கூசும். மைக்செட்காரரிடம் எக்கோவை அணைக்கச் சொல்லுங்கள். எக்கோ வைத்தால் பாட்டில் ஒரு சொல்லும் பிரியாது. தலைக்கு மேல் தொங்கும் இரண்டு மைக் போதும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை உண்டு. விழாவுக்கு நள்ளிரவு 12 வரை அரசு தளர்வு தரலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை. காவல் நிலைய மனுவில் ‘விடிய விடியக் கூத்து’ என்றே எழுதி, அவர்கள் சொல்லும் நேரத்துக்கு மைக்கை நிறுத்திவிடுங்கள். கூத்துக்காரர் குரல் மைக் வருவதற்கு முன்பே ஊர் கேட்ட குரல். சனம் நெருங்கி உட்கார்ந்தால் கேட்கும்.

அன்பளிப்பு அறிவிப்புதான் பெரிய தொல்லை. திரௌபதி சபையில் அழுதுகொண்டிருக்கும்போது கோமாளி வந்து ‘இன்னார் நூறு ரூபாய்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கி வைத்து, மங்களம் பாடுவதற்கு முன்பு மொத்தமாகச் சொல்லலாம். பேசிய பணத்தை வேஷம் கலைப்பதற்குள் கையில் கொடுங்கள். ‘வசூல் முடியட்டும், அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லும் ஊருக்கு நல்ல ஜமா மறுபடி வராது. வண்டி வாடகை தனி.

பாட்டு புரியாமல் பாதியில் எழுந்து வந்துவிடுகிறேன். எப்படி ரசிப்பது?
– வாசகி, அம்மாபேட்டை

பெரும்பாலும் ஒரே சேதி தாளமில்லாமல் இழுத்துப் பாடும் விருத்தமாக வரும், தாளத்தோடு பாடும் தருவாக வரும், பிறகு வசனமாகவும் வரும். பாட்டில் தவறியது வசனத்தில் கிடைத்துவிடும், பொறுமையாக இருங்கள். திரைக்குப் பின்னால் விருத்தம் கேட்கும்போதே யார் வருகிறார் என்று ஊகித்துப் பாருங்கள். திரை விலகியதும் நிறம் சொல்லிவிடும். துரியோதனன் என்றால் பெரும்பாலும் சிவப்பு. கதையைப் பகலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். சின்ன நாதஸ்வரம் போல ஊதும் முகவீணைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்: பாடுபவர் பாடி நிறுத்திய அடியை அது பிடித்துத் திருப்பிச் சொல்லும் அழகு தூரத்தில் கேட்காது. நள்ளிரவுக்கு மேல்தான் கதையின் கனமான இடங்கள் வரும். தூங்குவதானால் மதியமே தூங்கிவிடுங்கள்.

மலையில் வைத்த கூத்தில் மிருதங்கம் பாதி ராத்திரியில் சுருதி இறங்கிவிட்டது. ஏன்?
– வாசகர், ஏற்காடு

பனிதான். ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வாசிக்காத நேரத்தில் கனத்த துணியால் மூடி வையுங்கள், தரையில் வைக்காமல் பெஞ்சின் மேல் வையுங்கள். நெருப்பில் காட்டக் கூடாது. வலந்தலையின் (வலது பக்கத் தோலின்) நடுவில் உள்ள கறுப்புப் பூச்சான கரணை வெடித்துவிடும். மேளத்துக்கு மேல் தார்ப்பாய் கூரை அவசியம். காட்சிகளுக்கு நடுவே சுருதி சேர்க்க ஐந்து நிமிடம் விடுங்கள், கோமாளி அதற்குள் சிரிக்க வைத்துவிடுவார்.

பள்ளி விழாவில் முக்கால் மணி நேரம் கிடைக்கும். கூத்து வைக்க முடியுமா?
– ஆசிரியை, ஆத்தூர்

ஒரே காட்சியை முழுதாக வையுங்கள். திரை வருகை, ஒரு தரு, ஒரு தர்க்கம் போதும். ஐந்து கதையிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டால் பிள்ளைகளுக்குத் துணிமணி மட்டுமே நினைவில் நிற்கும். பணத்தை நேரக் கணக்கில் குறைக்காதீர்கள். முக்கால் மணிக்கும் வேஷம் கட்ட அதே இரண்டு மணி நேரம்தான், பயணமும் அதேதான். முடிந்ததும் தோளில் கட்டும் புஜக்கட்டையையும் கிரீடத்தையும் பிள்ளைகள் தூக்கிப் பார்க்க வாத்தியாரிடம் அனுமதி கேளுங்கள்.

கூத்து வைக்க வசதியில்லை. வேறு என்ன செய்யலாம்?
– வாசகர், சங்ககிரி

மழைக் காலத்தில் ஆட்டம் குறைவு, வருமானமும் குறைவு. அப்போது ஒரு கிரீடத்துக்குக் கண்ணாடி பதிக்கும் செலவையோ சலங்கைத் தோல் மாற்றும் செலவையோ ஏற்றுக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படும் கலைஞருக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். சேலத்தில் உள்ள கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். செல்போனில் படம் பிடித்தால் முதலில் வாத்தியாரைக் கேளுங்கள், வெளியிட்டால் ஜமாவின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடுங்கள்.