கீர்த்தனை தெரியாமல் இசையியலில் எம்.ஏ. சேர முடியுமா?

அப்பா உசிலம்பட்டிப் பக்கம் நையாண்டி மேளத்தில் தவில், நீங்கள் பி.எஸ்சி. இயற்பியல், கர்நாடக சங்கீதம் கற்றதில்லை, ஆனால் மேளத்தை ஆராய ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். சேரலாம், ஆனால் எந்தக் கதவு என்பதுதான் விஷயம்.

சென்னைப் பல்கலைக்கழக இந்திய இசைத் துறை மாதிரி இடங்களில் பாட்டோ கருவியோ கையில் இருக்க வேண்டும், அங்கே நேராகப் போய் முட்டாதீர்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையை (நாட்டுப்புறக் கலைகளையும் வழக்கங்களையும் ஆராயும் துறை) முதலில் விசாரியுங்கள், இந்த வருடச் சேர்க்கை விவரத்தோடு. அங்கே உங்கள் வீடே ஒரு தகுதி மாதிரிதான்.

இன்னொன்று, கர்நாடக சங்கீதம் தெரியாது என்று நீங்கள் குறையாக நினைப்பது, மக்களின் இசையை அவர்கள் வாழ்க்கையோடு சேர்த்து ஆராயும் இன இசையியலில் குறையே இல்லை. ஆராய்கிற இசையை ஆய்வாளரும் வாசித்துப் பழக வேண்டும் என்று அமெரிக்க இன இசையியலாளர் மேன்டில் ஹூட் 1960லேயே எழுதினார். நீங்களோ தவில் சொல்லை, அதாவது அடிகளை வாயால் சொல்லும் சொற்கட்டை, கேட்டே வளர்ந்தவர் (எனக்கெல்லாம் அதற்கே மூன்று வருடம் ஆனது!).

அதுவரை சும்மா இருக்காதீர்கள். இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு அப்பா குழுவோடு போய்ப் பதிவு செய்யுங்கள், ஒலியைச் சுருக்கிவிடும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, எல்லாரிடமும் அனுமதி கேட்டு. சாமி அழைக்கும்போது என்ன அடி, கரகம் ஆடும்போது என்ன அடி, பம்பை எங்கே நுழைகிறது, தமுக்கு எங்கே ஓய்கிறது என்று அன்றைக்கு இரவே நோட்டில் எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி மறந்துவிடும். நேர்காணலுக்கு மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.

அப்புறம், அப்பாவிடம் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டு எழுதுங்கள், அதுவும் ஆய்வுதான்.