வேளச்சேரியிலிருந்து தரமணி ஆபீசுக்குத் தினமும் போய்வர கியர் வைத்த மவுண்டன் பைக், அதாவது மலைப்பாதைக்கான சைக்கிள், வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், சரி. ஆனால் சென்னை சமதரை ஊர். மேம்பாலத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல அதிகம் இல்லை. 21 கியரில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். விலை குறைந்த மாடல்களில் வரும் முன்பக்க சஸ்பென்ஷன் எடையைத்தான் கூட்டும், மிதிக்கும் பலத்தில் கொஞ்சத்தையும் விழுங்கும். பட்டன் பட்டனாக இருக்கும் டயர் தார் ரோட்டில் இழுக்கும்.

அதற்காக மெல்லிய டயர் ரோடு பைக்கும் வேண்டாம். தோண்டிப்போட்ட ரோட்டில் ரிம் அடிவாங்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஹைபிரிட் சைக்கிள். 700 அளவு சக்கரம், 35 முதல் 40 மி.மீ. டயர், முன்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க். 7 கியர் தாராளம். கியரே இல்லாவிட்டாலும் ஓட்டலாம். மட்கார்டும் கேரியரும் பொருத்தத் துளை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஐப்பசி மழையில் மட்கார்டு இல்லாமல் போனால் சட்டை முதுகில் சேற்றுக்கோடு நிச்சயம். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் வைத்தால் வியர்வை குறையும்.

இன்னொன்று, வால்வ். மெலிந்த பிரெஸ்டா வால்வ் என்றால் தெருமுனை பஞ்சர் கடையில் காற்றடிக்க அடாப்டர் வேண்டும். ஸ்கூட்டர் டயரில் இருக்கும் மாதிரி வால்வ் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

செலவு குறைய வேண்டுமா? அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளே போதும்: செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர் எல்லாம் அதிலேயே வரும். கனம்தான். திருவான்மியூர்ப் பக்கம் கடல் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், அங்கே அந்தக் கவர் பெரிய உபகாரம்.