வேலிக்குள் போன வரத்துக்கால்

கேள்வி: எங்கள் ஊர் சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரம். ஊருக்கு மேற்கே 300 ஏக்கர் மானாவாரி நிலத்தை வாங்கி, சூரிய மின்தகடுகள் பதிக்க வேலி போட்டுவிட்டார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால் வேலிக்குள் மாட்டிக்கொண்டது. ஆடு ஓட்டிப் போகும் பாதையும் அடைபட்டது. கேட்டால், "எல்லாம் பட்டா நிலம், கிரயம் முடிந்துவிட்டது" என்கிறார்கள். ஊர் கூடித் தடுக்க முடியுமா ஐயா?
– ஒரு வாசகர், கடலாடி வட்டம்

பதில்: தம்பி, திட்டத்தையே நிறுத்துவது கடினம். வரத்துக்காலை மீட்க முடியும். முதலில் அதில் இறங்குங்கள்.

நில அளவராக 31 ஆண்டுகள் இந்தப் பக்கம் சங்கிலி இழுத்தவன் நான். சீமைக்கருவேல முள்ளுக்குள் நின்றுகொண்டு, "இங்கே ஏது வாய்க்கால்?" என்று உடன் வந்தவர்கள் கேட்பார்கள். குனிந்து மண்ணைப் பார்க்கச் சொல்வேன். இருபுறமும் வெடித்த கரிசல். நடுவே மழை கொண்டுவந்து போட்ட சன்ன மணல், கோடு இழுத்தாற்போல் கண்மாயை நோக்கிப் போகும். அதுதான் கால். நம் ராமநாதபுரம் மாவட்டம் தாம்பாளம் போன்ற சமதரை. ஓர் அடி உயரத்துக்குச் செம்மண் அடித்துப் பாதை போட்டாலே தண்ணீர் திசை மாறிவிடும். கண்மாய் வறண்டு கிடக்கும்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது கேட்கும் இடம் பெரிது. கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையத்துக்கு மட்டும் சுமார் 2,500 ஏக்கர். அத்தனை பரப்பில் ஒரு காலும் குறுக்கிடாத நிலம் நம் பக்கம் அரிது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் இத்தகடுத் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. அதனால் அந்தக் கூட்டமும் கிடையாது. எனக்கு இது தீராத வருத்தம்.

சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் புலப்படமும், நிலம் பட்டாவா புறம்போக்கா என்று சொல்லும் 'அ' பதிவேட்டு நகலும் எடுங்கள். கால் புறம்போக்காகப் பதிவாகியிருந்தால், சுற்றிலும் யார் கிரயம் வாங்கியிருந்தாலும் அது அவர்களுக்குச் சேராது. அளந்து காட்டும்படி வட்டாட்சியருக்கு மனுக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தொழிலுக்காக உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ள 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். அது பெறப்பட்டதா, எந்தெந்தச் சர்வே எண்களுக்கு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்தான் கட்டணம்.

ஆட்டுப் பாதை வேறு விஷயம். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றால் இதே மனுவில் சேருங்கள். பட்டா நிலத்தின் குறுக்கே பழக்கத்தில் போன தடம் என்றால், 20 ஆண்டுகள் தடையில்லாமல் போய்வந்ததை உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அந்தப் பக்கம் ஆட்டுக்கிடை போட்ட பெரியவர்களை இப்போதே வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போடுங்கள். ஐப்பசி மழை இறங்குவதற்குள் அளந்து கல் ஊன்றியாக வேண்டும்.