வாங்குவோர் கேள்வி-பதில்: எயார் ஃப்ரையரும் உருளைக்கிழங்கும்

கேள்வி: மகள் ஏ.எல். படிக்கிறாள். ‘லோடட் பேக்ட் பொட்டேட்டோ’ (சுட்ட கிழங்கைப் பிளந்து சீஸ், சவர் கிரீம், பன்றி இறைச்சித் துண்டு வைப்பது) என்று ஒன்றை போன் வீடியோவில் பார்த்துவிட்டு, எயார் ஃப்ரையர் வாங்கித் தரச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. வாங்கலாமா? கரண்ட் பில் ஏறுமா? — வாசகி, விசுவமடு

பதில்: அக்கா, கடைக்குப் போக முதல் உங்கள் குசினிச் சுவரைப் பாருங்கள். அங்கே இருப்பது சின்ன உருண்டை முள் போகும் 5 அம்பியர் பொயின்ற்றா, சதுர முள் போகும் 13 அம்பியர் பொயின்ற்றா? சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் எயார் ஃப்ரையர் 1500 வாற் அளவில் இருக்கும். அதை 230 வோல்ற்றால் பிரித்தால் ஆறரை அம்பியர். 5 அம்பியர் பொயின்ற் அதைத் தாங்காது. ‘மல்டி பிளக் போட்டால் சரி’ என்று கடைக்காரர் சொல்வார். சரியில்லை. முள்ளின் வடிவத்தைத்தான் அந்த மல்டி பிளக் மாற்றும். சுவருக்குள் ஓடும் வயரின் தடிப்பு அப்படியேதான் இருக்கும். வயர் சூடாகி, பிளக் ஓரம் மண்ணிறமாகி, பிளாஸ்டிக் கருகும் மணம் வந்த பிறகுதான் பலருக்கு விஷயம் விளங்குகிறது. பல வீட்டுத்திட்ட வீடுகளில் 13 அம்பியர் பொயின்ற் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதிலும் ஃபிரிட்ஜ் குந்தியிருக்கும். மின்னிணைப்பாளரைக் கூப்பிட்டுக் குசினிக்குத் தனியாக ஒரு 13 அம்பியர் பொயின்ற் இழுக்க என்ன செலவாகும் என்று கேளுங்கள். அந்தக் காசும் மெஷினின் விலையில் சேர்த்திதான்.

பில் விஷயத்துக்கு வருவோம். 1500 வாற் மெஷினை 40 நிமிடம் ஓட்டினால் கூடியது ஒரு யூனிட். சூடு ஏறியதும் உள்ளே உள்ள சூடாகும் சுருள் நின்று நின்று எரிவதால் உண்மையில் அதிலும் குறைவு. ஒரு யூனிட் பெரிய காசா என்று கேட்பீர்கள். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. வீட்டு மின் கட்டணத்தில் 60 யூனிட் ஒரு கோடு. மாதம் 60க்குள் நின்றால் ஒரு அட்டவணை. தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டில் இருந்தே வேறு அட்டவணை. நிலையான கட்டணமும் கூடும். பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். 54, 56 என்று நிற்கும் வீட்டில் வாரம் இரண்டு தரம் கிழங்கு சுட்டால் கோட்டைத் தாண்டிவிடக்கூடும். ஏற்கெனவே 100 பாவிக்கும் வீட்டுக்கு அவ்வளவாகத் தெரியாது.

இன்னொன்று. ‘எண்ணெய் இல்லாமல் பொரிக்கும்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் இந்தப் பெயரில் முதல் மெஷினை விற்கத் தொடங்கிய நாளில் இருந்து இன்றுவரை உள்ளே இருப்பது ஒரு சூடாகும் சுருளும் ஒரு விசிறியும்தான். அது ஒரு சின்ன அவன். வடையும் முறுக்கும் நினைத்து வாங்கினால் ஏமாற்றம். மகள் கேட்கும் சுட்ட கிழங்குக்கு என்றால் உண்மையிலேயே பொருத்தமான சாமான். நான்கு பேர் வீட்டுக்கு 4 லீற்றர் கூடை போதும். நடுத்தரக் கிழங்கு நான்கை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வைக்கலாம்.

கேள்வி: அண்ணா கனடாவில் இருந்து வருகிறார். அங்கே மலிவு விற்பனையில் எடுத்த எயார் ஃப்ரையரைக் கொண்டு வருகிறாராம். இங்கே பாவிக்கலாமா? — வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இன்றே அண்ணாவுக்குப் போன் எடுத்து நிற்பாட்டுங்கள். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ற். இங்கே 230. வோல்ற் ஏறத்தாழ இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கோடு நிற்காது, அதன் வர்க்கத்தில் ஏறும். 1500 வாற் சுருளில் 5500 வாற் பாயும். பிளக்கைப் போட்ட உடனேயே ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் உங்கள் நல்ல காலம். விழாவிட்டால் மெஷின் உள்ளே வெந்துவிடும். பிளக்கை மாற்றிப் போடுவதால் இது தீராது. வோல்ற் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் 2000 வாற்றுக்குக் குறையாமல். அது ஒரு கல்லுப் பாரம். அதன் விலையைக் கேட்டபிறகு மலிவு விற்பனை மலிவாகத் தெரியாது. போன் சார்ஜரில் ‘100–240’ என்று எழுதியிருக்குமே, அப்படி மெஷினின் அடியில் எழுதியிருக்கிறதா என்று அண்ணாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘120V’ என்று மட்டும் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுக்கட்டும். காசாகத் தந்தால் உங்களுக்கும் உதவி.

லண்டனில் இருந்து வருவதானால் கவலையில்லை. வோல்ற்றும் ஒன்று, சதுர முள்ளும் ஒன்று. பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே மெஷின்களுக்கும் வோல்ற் சரி, ஆனால் பிளக்கில் ஒரு பொறி இருக்கிறது. தடித்த இரண்டு உருண்டை முள்ளுத்தான் வெளியே நிற்கும். எர்த் தொடர்பு பக்கத் தகட்டிலோ குழியிலோ இருக்கும். நம்மூர் மல்டி பிளக்கில் அதைத் திணித்தால் மெஷின் ஓடும், ஆனால் எர்த் எங்கும் போய்ச் சேராது. ஈரக்கையால் தொடும் குசினிச் சாமானுக்கு எர்த் இல்லாமல் இருப்பது சரிவராது. மின்னிணைப்பாளரிடம் கொடுத்து அந்தத் தலையை வெட்டி, உள்ளே பச்சை-மஞ்சள் வயரும் சேர்த்து 13 அம்பியர் பிளக் போடுங்கள். சின்ன வேலைதான்.

எந்த நாட்டில் இருந்து வந்தாலும் அதன் வாரண்டி இங்கே பெரும்பாலும் செல்லாது என்பதையும் அண்ணாவுக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: மெஷின் வாங்கிக் கிழங்கு சுட்டும் பார்த்தோம். தோல் நன்றாக வருகிறது, உள்ளே மட்டும் சவசவ என்று ஒட்டுகிறது. சில நாளில் நேரம் முடிந்தும் நடு வேகவில்லை. மெஷின் பிழையா? — வாசகி, மாங்குளம்

பதில்: மெஷினில் பிழையிருப்பதாகத் தெரியவில்லை. கிழங்கிலும் கரண்டிலும்தான் எனக்குச் சந்தேகம்.

கரண்டை முதலில் முடித்துவிடுகிறேன். மாலை ஆறரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் லைற்றும் ரீவியும் ஓடும்போது, லைன் கடைசியில் இருக்கும் ஊர்களில் வோல்ற் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் மெஷினின் சூடு கால்பங்கு குறைந்துபோகும். மணிக்கூடு மட்டும் 40 நிமிடத்தை அப்படியே எண்ணி முடித்து மணி அடிக்கும். பகலில் ஒரு தரம் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். இரவில்தான் செய்ய வேண்டும் என்றால் நேரத்தைப் பார்க்காமல் கிழங்கைக் குத்திப் பாருங்கள். கத்தி முனை நடுவரை தடையில்லாமல் போக வேண்டும்.

கிழங்குதான் பெரிய விஷயம். அந்த வீடியோக்களில் வரும் மாப்பிடிப்பான அமெரிக்கக் கிழங்கு நம் சந்தைக்கு வருவதில்லை. இலங்கையில் பெரும்பாலும் போடுவது கிரனோலா என்ற இனம், உள்ளே மஞ்சள். கறிக்கு உடையாமல் நிற்பதற்கு நல்லது, சுடுவதற்கு நடுத்தரம். அதிலும் முற்றிய கிழங்கைத் தேட வேண்டும். விரலால் தேய்த்தால் தோல் உரிந்து வந்தால் அது இளசு, கறிக்கு வைத்துவிடுங்கள். மாசி, பங்குனியில் யாழ்ப்பாணத்துக் கிழங்கு வரும்போது தோல் தடித்ததாகப் பார்த்து எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த கிழங்கைச் சோதிக்க ஒரு வழி: ஒரு பங்கு உப்பை பதினொரு பங்கு தண்ணீரில் கரைத்து கிழங்கைப் போடுங்கள். தாழ்ந்தால் மாப்பிடிப்பு, சுடலாம். மிதந்தால் நீர்ப்பிடிப்பு, எவ்வளவு சுட்டாலும் சவசவதான்.

விலையிலும் கவனம். நுவரெலியா, வெலிமடைக் கிழங்குக்கு விலை கூட, இந்தியா, பாகிஸ்தானில் இருந்து வருவதற்குக் குறைவு. இறக்குமதிக் கிழங்குக்குச் செம்மண் பூசி உள்ளூர்க் கிழங்கென்று விற்றுப் பிடிபட்ட கதை நாட்டில் ஒரு தரம் இரு தரம் நடந்ததல்ல. மண் ஒட்டியிருப்பது உள்ளூருக்குச் சாட்சியில்லை. ஒன்றைத் துடைத்துப் பாருங்கள். மண் ஈரமாக, ஒரே சீராக, பூச்சு மாதிரி வந்தால் கூடின விலை கொடுக்காதீர்கள். மண்ணின் நிறைக்கும் நாம்தானே காசு கொடுக்கிறோம்! பச்சை பிடித்ததையும் முளைவிட்டதையும் தவிருங்கள். வீட்டில் ஃபிரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். குளிரில் மாப்பொருள் சீனியாக மாறி, சுடும்போது தோல் கருகும், உள்ளே இனிக்கும்.

இனிச் செய்முறை. 200 கிராம் அளவான கிழங்குகளை ஒரே பருமனில் தெரிந்து கழுவி, நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். தோலில் ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது. முள்ளுக்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை நான்கு கிழங்குக்கும் கையால் பூசி, கல்லுப்பு தேய்த்து, 200 பாகையில் 40 நிமிடம். பாதியில் ஒரு தரம் திருப்புங்கள். வெந்ததும் உடனே வெளியே எடுத்துக் குறுக்கே கீறி, இரண்டு பக்கமும் பிடித்து அமுக்குங்கள். ஆவி புஸ் என்று போக வேண்டும். கீறாமல் வைத்தால் அந்த ஆவி உள்ளேயே நீராகி மறுபடி சவசவ. உங்கள் வீட்டில் நடந்தது இதுவாகவும் இருக்கலாம்.

உள்ளே இருப்பதைக் கரண்டியால் கிண்டி எடுத்து பட்டர், உப்பு, மிளகுதூள் போட்டுப் பிசைந்து தோலுக்குள் திரும்ப நிரப்பி, மேலே சீஸ் துருவலை வைத்து 180இல் ஐந்து நிமிடம். துருவலைச் சும்மா தூவாதீர்கள், விசிறிக் காற்றில் பறந்து சுருளில் ஒட்டிக் கருகும். விரலால் அமுக்கிவிடுங்கள். கறிவேப்பிலையும் அப்படித்தான், உள்ளே போடவே கூடாது.

வீடியோவில் ஊற்றும் சவர் கிரீமுக்காக வவுனியா சுப்பர் மார்க்கட்வரை போகத் தேவையில்லை. வன்னியில் இருந்துகொண்டு புளிப்பான பாலாடைக்குக் காசைக் கொட்டுவது எனக்கு வயிற்றெரிச்சல். எருமைச் சட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணித்தியாலம் தொங்கவிட்டால் அதைவிட நன்றாக இருக்கும். பன்றி இறைச்சித் துண்டுக்குப் பதிலாகப் பொரித்த நெத்தலிக் கருவாடு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் தேசிக்காய்ப்புளி. மச்சம் சாப்பிடாதவர்கள் முருங்கையிலை வறை வைத்துப் பாருங்கள். சீஸையே விட்டுவிடலாம், யாரும் தேடமாட்டார்கள்.

கேள்வி: எயார் ஃப்ரையர் வாங்கி இரண்டு மாதமாகவில்லை, உள்ளே விசிறி நின்றுவிட்டது. கடையில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற போர்ட்டைக் காட்டுகிறார்கள். கொழும்புக்கு என் செலவில் அனுப்பட்டுமாம். — வாசகர், வவுனியா

பதில்: போர்ட் எழுதித் தொங்கவிட்டால் வாரண்டி மறைந்துவிடாது. உத்தரவாதம் தந்து விற்ற பொருள் அதன்படி நடக்கவில்லை என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, கடைக்காரரின் ‘வாற கிழமை பார்ப்போம்’ என்ற பேச்சில் அதைக் கரைக்காதீர்கள். சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்து விபரம் கேளுங்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அவர்களின் மாவட்ட அலுவலகத்திலும் நேரில் கொடுக்கலாம். பில், வாரண்டி அட்டை இரண்டின் பிரதியையும் இணையுங்கள். அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்கிறதா பாருங்கள், பலர் வெறும் அட்டையோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். பில் கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இனி வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: திருத்த வேண்டிவந்தால் எங்கே கொடுப்பது, ஏற்றி இறக்கும் கூலி யாருடையது? பதிலைப் பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடவுங்கள்.

கேள்வி: ஃபொயில் பேப்பரில் சுற்றித்தான் சுட வேண்டுமா? மிஞ்சினால் மறுநாள் சாப்பிடலாமா? — வாசகி, முல்லைத்தீவு

பதில்: சுற்ற வேண்டாம். ஃபொயிலுக்குள் கிழங்கு அவியும், சுடாது. காசும் வீண். சுற்றியபடியே மேசையில் விட்டால் ஆபத்தும் உண்டு. மண்ணில் இருக்கும் பொட்டுலிசக் கிருமியின் வித்து சூட்டில் சாகாது. காற்றுப் புகாத ஃபொயிலுக்குள் ஆறும்போது முளைத்து நஞ்சைக் கக்கும். 1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் இப்படி ஃபொயிலோடு வெளியே கிடந்த கிழங்கில் செய்த உணவால் 30 பேர் நோயுற்றார்கள். நம் வெக்கைக்கு இன்னும் கவனம் வேண்டும். மிஞ்சியதைச் சூடு ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், தயிரும் கருவாடும் வைக்காத கிழங்கை மட்டும். மறுநாள் தோலோடு துண்டாக வெட்டி 180இல் பத்து நிமிடம் விட்டால் பிள்ளைகள் பின்னேரத் தேத்தண்ணியோடு சாப்பிடுவார்கள்.