அட்டவணையைப் பாருங்கள்: தியேட்டர் அக்காவின் கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்துவிட்டு, கடைசிப் பத்து வருடம் மருத்துவ ஆய்வு ஃபைல்களோடு காலம் தள்ளினேன். 'புதிய ஆபரேஷன் வெற்றி' என்று வரும் செய்திகளை எவ்வளவு நம்பலாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். யாருக்கு ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்) ஐயா: ஏம்மா, எண்கள் கண்முன் இருக்கும்போது தோற்ற ஆய்வை வெற்றி என்று எப்படி எழுத முடியும்?

ஐயா, தராசு பிடித்தவர் நீங்கள். ரப்பர் பால் எடைதான் கணக்கு என்று காலையில் சொன்ன ஆள், பால் குறைந்ததும் உறைந்துபோன கட்டிப்பாலைத் தூக்கித் தட்டில் வைத்து 'இன்று நல்ல நாள்' என்றால் புத்தகத்தில் ஏற்றுவீர்களா? இங்கே ஏற்றுகிறார்கள். எதை அளக்கப் போகிறோம் என்று ஆய்வு தொடங்குமுன்பே ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். அதில் புதிய ஆபரேஷன் செய்த குழுவுக்கும் செய்யாத குழுவுக்கும் வித்தியாசம் வராவிட்டால், தழும்பு சிறியது, இரண்டு நாள் முன்னாடியே வீட்டுக்குப் போனார்கள் என்று வேறொன்றை முன்னால் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் இரண்டு குழுவும் தேறியதைக் காட்டி, தங்கள் ஆபரேஷனுக்கு மட்டும் பெயர் வாங்கிக்கொள்வார்கள்.

2010-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் இசபெல் பூத்ரோன் என்ற ஆய்வாளரின் குழுவினர், முக்கிய அளவீட்டில் வித்தியாசம் தெரியாத 72 ஆய்வுக் கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 42 கட்டுரைகளின் சுருக்கத்தில் முடிவுரை பூசி மெழுகப்பட்டிருந்தது. முடிவுரையை விடுங்கள், கட்டுரைக்குள் எண்கள் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள்.

கடைக்காரத் தம்பி: மூலத்துக்கு லேசர் நல்லதா அக்கா?

மேலே என்ன எழுதியிருக்கிறேன் தம்பி? டாக்டரிடம் போங்கள்.

ஒரு தங்கச்சி: ஸ்டென்டும் பைபாஸும் ஒன்றுதான் என்று படித்தேன். அப்படியா?

ஸ்டென்ட் என்பது அடைத்த குழாய்க்குள் வைக்கும் வலைக்குழல்; பைபாஸ் என்பது அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் ஆபரேஷன். நீங்கள் படித்தது எக்ஸெல் (EXCEL) என்று பெயர் வைத்த ஆய்வாக இருக்கும். இதயத்தின் இடது பிரதான ரத்தக் குழாயில் அடைப்பு உள்ள 1905 பேர். இறப்பு, பக்கவாதம், மாரடைப்பு மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எண்ணினார்கள். 2019-ல் வந்த ஐந்து வருடக் கணக்கில் ஸ்டென்ட் பக்கம் 22.0 சதவீதம், பைபாஸ் பக்கம் 19.2. பெரிய வித்தியாசம் இல்லை என்று முடித்தார்கள். மூட்டையைப் பிரித்தால் இறந்தவர்கள் மட்டும் 13.0, 9.9. இதயக் காரணத்தால் என்று உறுதியான சாவு 5.0, 4.5தான் என்பது ஆய்வாளர்கள் பதில். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஐரோப்பிய இதய அறுவை மருத்துவர் சங்கம் அந்த டிசம்பரிலேயே, இந்த அடைப்புக்கான சிகிச்சைப் பரிந்துரைக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. அட்டவணை, தங்கச்சி, அட்டவணை.

டிரெஸர் (தோட்ட மருந்தக உதவியாளர்) மகன்: முழங்காலைக் கிழித்து, ஒன்றும் செய்யாமல் தைத்துவிடும் ஆய்வுகள் உண்டாமே. அது மட்டும் ஏமாற்று இல்லையா?

வாங்க, இதற்குத்தான் காத்திருந்தேன். 2013-ல் வந்த பின்லாந்து ஆய்வில் 146 பேர். பாதிப் பேருக்கு மூட்டுக்குள் கிழிந்த குருத்தெலும்பை வெட்டினார்கள். மற்றவர்களுக்கு உள்ளே பார்த்ததோடு சரி. ஆனாலும் டாக்டர் எல்லாக் கருவியையும் கேட்டு வாங்கினார், காலை வளைத்தார், குருத்தெலும்பைச் சீவும் ஷேவர் கருவியைப் பிளேடு இல்லாமல் முழங்கால் சில்லின் மேல் அழுத்தினார். சக்‌ஷன் ஓடியது. எழுதும்போதே அந்த உறிஞ்சல் சத்தம் எனக்குக் காதில் கேட்கிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. இந்தப் பொய் ஆபரேஷன் இல்லையென்றால், தேறிய அத்தனை பேரையும் கத்தியின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

கிராணி ஐயா: சம்மதம் வாங்கினாலும் மயக்கி வெட்டுவது பாவம்மா.

டிரெஸர் மகன்: ஐயா சொல்வதே சரி. கையெழுத்தெல்லாம் படிக்காமல் போடுவது.

அமெரிக்காவின் ஹியூஸ்டனில் நடந்து 2002-ல் வெளியான முழங்கால் ஆய்வில் வெறும் கையெழுத்து போதவில்லை. 'எனக்குப் பொய் ஆபரேஷன் நடக்கலாம், அதனால் என் மூட்டுவலிக்குப் பலன் இராது' என்று நோயாளியே தன் கைப்பட எழுத வேண்டும். தகுதியான 324 பேரில் 144 பேர் மாட்டோம் என்று போய்விட்டார்கள். பலனில்லாத ஆபரேஷனைக் காசு வாங்கிக்கொண்டு லட்சம் பேருக்குச் செய்தால் அது பாவமில்லையா ஐயா?

கிராணி ஐயா: அது வேறு, இது வேறு.

வேறு இல்லை.

இன்னொருவர்: கடைசியாக, எந்த ஆபரேஷன் நல்லது?

அட்டவணை என்று எத்தனை தடவை சொல்வது! கிராணி ஐயா, மீதியை வெள்ளிக்கிழமை கோவிலில் வைத்துக்கொள்வோம்.