கொறடா உத்தரவுக்குப் பணிய வேண்டாத அமெரிக்காவில் ஆளுங்கட்சியினர் அதிபரை ஏன் எதிர்ப்பதில்லை?

கேள்வி: இந்தியாவைப் போல அமெரிக்காவில் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. அப்படியிருந்தும் டிரம்ப் எதைச் செய்தாலும் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் வாய் திறப்பதில்லையே, ஏன்? அங்கே ஜனநாயகம் சரிந்துவிட்டதா?

கேட்டவர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நம் ஊரில் 1985க்குப் பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவியே போய்விடும். அமெரிக்காவிலும் கொறடா உண்டு. ஆனால் அவர் கெஞ்சலாம், மிரட்டலாம், பதவியைப் பறிக்க முடியாது. தலைமை நினைத்தாலும் ஒருவருக்கு டிக்கெட் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சட்டப்படி பார்த்தால் அங்கே ஓர் உறுப்பினர் தன் மனசாட்சிக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டிய மனிதர்.

அப்படி நடந்த காலமும் இருந்தது. 1974 ஆகஸ்ட் 7 அன்று பேரி கோல்ட்வாட்டர் உள்ளிட்ட மூன்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போய், "உங்களைக் காப்பாற்ற எங்களிடம் வாக்குகள் இல்லை" என்ற நிலவரத்தை, வாட்டர்கேட் ஊழலால் பதவிநீக்கத்தை எதிர்நோக்கியிருந்த தங்கள் கட்சி அதிபர் நிக்சனிடமே எடுத்துச் சொன்னார்கள். மறுநாள் இரவு அவர் பதவி விலகலை அறிவித்தார்.

இப்போது 2025 மார்ச்சுக்கு வாருங்கள். இறக்குமதி வரி விதிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் நாடாளுமன்றத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது. டிரம்ப் அவசரநிலையை அறிவித்து, கனடா, மெக்சிகோ பொருட்கள் மீது தானே வரி போட்டார். இத்தகைய அவசரநிலையை முடித்துவைக்க நாடாளுமன்றத்துக்கு வழி இருக்கிறது: ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தால், குழு அதை 15 நாட்காட்டி நாட்களுக்குள் சபைக்கு அனுப்ப வேண்டும். அதாவது, வாக்கெடுப்பைத் தள்ளிப்போட முடியாது. பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சியினர் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை எந்த நாளும் இந்தச் சட்டத்தின்படி "நாட்காட்டி நாள்" அல்ல என்று ஒரு விதியை நிறைவேற்றிக்கொண்டார்கள். சூரியன் உதிக்கும், மறையும், சம்பளமும் ஏறும். நாள் மட்டும் கணக்கில் ஏறாது. வரியை ஆதரித்து வாக்களிக்கக்கூட அவர்களுக்குத் துணிவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆதரித்தால் ஊரிலுள்ள விவசாயியும் வியாபாரியும் கோபிப்பார்கள், எதிர்த்தால் அதிபர் கோபிப்பார். எனவே வாக்கெடுப்பே வேண்டாம்.

அதிபரின் கோபத்துக்கு ஏன் இந்த அளவுக்கு நடுக்கம்? விடை பிரைமரி தேர்தலில் இருக்கிறது. ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை அங்கே வாக்காளர்களே முதலில் ஒரு தேர்தல் நடத்தி முடிவு செய்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபாலெட் போன்ற சீர்திருத்தவாதிகள் கட்சியை ஆட்டிவைத்த பெரும்புள்ளிகளின் பிடியை உடைக்கக் கொண்டுவந்த ஏற்பாடு இது. நல்ல நோக்கம்தான். ஆனால் பிரைமரிக்கு வருகிறவர்கள் சிலரே. நான் வசிக்கும் டெக்சஸில் 2022 மார்ச்சில் இரண்டு கட்சி பிரைமரிகளையும் சேர்த்தால்கூட, பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்கூட வரவில்லை. அப்படி வருகிறவர்களில் தீவிரக் கட்சிக்காரர்களே அதிகம். அவர்களிடம் டிரம்பின் ஒரு பதிவு, எந்தக் கொறடா உத்தரவையும்விட வேகமாக வேலை செய்கிறது.

இதற்கு நல்ல சான்று, டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த 2021 ஜனவரி 6 கலவரத்துக்குப் பிறகு டிரம்பைப் பதவிநீக்கக் குற்றம் சாட்டி வாக்களித்த பத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள். நான்கு பேர் மறுபடி போட்டியிடவில்லை. நான்கு பேர் பிரைமரியில் தோற்றார்கள். முன்னாள் துணை அதிபரின் மகளான லிஸ் செனி வயோமிங்கில் 37 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். மிஞ்சியவர்கள் இருவர்: கலிஃபோர்னியாவின் டேவிட் வலடேயோ, வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ். இரண்டு மாநிலங்களிலும் கட்சிவாரிப் பிரைமரி இல்லை. எல்லா வேட்பாளரும் ஒரே வாக்குச்சீட்டில், முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அடுத்த சுற்றுக்கு. (அதே வாஷிங்டனில் அந்தப் பத்துப் பேரில் இன்னொருவர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டுத் தோற்றார். ஆகவே இது முழுக் கவசம் அல்ல.) விலகிய நால்வரில் ஒருவரான ஆடம் கின்சிங்கரின் கதை இன்னும் விசித்திரமானது. இல்லினாயில் ஜனநாயகக் கட்சி தொகுதிகளை மாற்றி வரைந்தபோது அவரை அவருடைய கட்சிக்காரர் ஒருவரின் தொகுதிக்குள் தள்ளிவிட்டது. டிரம்பை எதிர்த்தவரை மேடையில் பாராட்டிய கட்சியே அவருக்கு நிற்க இடமில்லாமல் செய்தது.

2025 ஜூன் இறுதியில் செனட்டர் தாம் டில்லிஸ், டிரம்பின் வரி, செலவு மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். உங்களுக்கு எதிராகப் பிரைமரியில் ஆள் நிறுத்துவேன் என்று டிரம்ப் மிரட்டினார். மறுநாளே, இனிப் போட்டியிடப் போவதில்லை என்று டில்லிஸ் அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் அலாஸ்கா செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி, "நாங்கள் எல்லோரும் பயந்துபோயிருக்கிறோம்" என்று தொண்டு நிறுவனத் தலைவர்களின் மாநாட்டிலேயே சொன்னார்.

பிரைமரிக்கு இவ்வளவு பலம் வந்ததற்குத் தொகுதி வரைபடமும் ஒரு காரணம். இந்தியாவில் தொகுதி மறுவரையறையை ஒரு தனி ஆணையம் செய்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே எல்லையை வரைகிறது; அதாவது அங்கே பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சி. எங்கள் ஆஸ்டின் நகரம் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2011இல் வரைந்த வரைபடம் அது இருக்கும் மாவட்டத்தை ஐந்து துண்டாக்கியது. ஒரு துண்டு ஹூஸ்டன் புறநகர் வரை, ஒன்று ஃபோர்ட் வொர்த் பக்கம் வரை, ஒன்று நெடுஞ்சாலையோரமாக சான் அன்டோனியோ வரை நீண்டது. ஐந்தில் நான்கு குடியரசுக் கட்சிக்குப் போயின. என் சக ஊழியர் ஒருவர் பழுத்த ஜனநாயகக் கட்சிக்காரர். ஆனாலும் மார்ச்சில் குடியரசுக் கட்சிப் பிரைமரியில்தான் வாக்களிப்பார். டெக்சஸ் சட்டம் அதற்கு இடம் தருகிறது. நவம்பரில் நடக்கும் இறுதித் தேர்தல் வெறும் சடங்கு என்பது அவர் வாதம். எனக்கு இங்கே வாக்கில்லை, வரி மட்டும் உண்டு. அதனால் நான் அவரிடம் வாதாடுவதில்லை.

வரைபடம் மட்டுமே குற்றவாளி என்று சொல்லவும் மாட்டேன். செனியின் வயோமிங்குக்கு மொத்தமே ஒரு தொகுதிதான்; மாநிலமே எல்லை. கிராமத்தார் ஒரு கட்சி, நகரத்தார் ஒரு கட்சி என்று மக்களே பிரிந்து வாழ்கிறார்கள். கோடு போடுகிறவர்கள் அதைக் கூர்மையாக்குகிறார்கள். 2018இல் விஸ்கான்சின் கீழ்சபைக்குப் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்ற ஜனநாயகக் கட்சிக்கு 99இல் 36 இடங்களே கிடைத்தன. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில், கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போடுவதில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று கையை உதறிவிட்டது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு. என் பார்வையில், ஜனவரி 6 கலவரத்தைவிட இந்தத் தீர்ப்பு செய்த சேதம் நீண்டகாலம் நிற்கும்.

விளைவு 2025இல் வெளிப்படையாகத் தெரிந்தது. வழக்கமாக எல்லைகளை மாற்ற வழிவிடும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இன்னும் ஐந்தாண்டு இருக்கும்போதே, பிரதிநிதிகள் சபையில் தன் கட்சிக்கு இன்னும் ஐந்து இடம் வேண்டும் என்று டிரம்ப் கேட்க, டெக்சஸ் வரைந்து கொடுத்தது. குறைந்தபட்ச வருகை இல்லாவிட்டால் சபையில் வாக்கெடுப்பு நடத்த முடியாது என்பதால், டெக்சஸின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இல்லினாய்க்கு ஓடினார்கள். அடைக்கலம் தேடிப் போன இடத்தின் வரைபடம் எப்படிப்பட்டது என்பதை மேலே சொன்னேன். பதிலடியாகக் கலிஃபோர்னியா, தன் சுயேச்சை ஆணையத்தின் வரைபடத்தை நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி ஓரங்கட்டியது. தற்காப்பு என்றார்கள். இருக்கலாம். ஆனால் போட்டியே இல்லாத தொகுதிகள் கூடக்கூட, பிரைமரிக்குப் பயப்படும் உறுப்பினர்களும் கூடுவார்கள். எந்தக் கட்சி வரைந்தது என்பது இதில் வேறுபாட்டை உண்டாக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2025 டிசம்பரில் இந்தியானா மாநில செனட்டில் இதே போன்ற வரைபடம் வாக்கெடுப்புக்கு வந்தது. மிரட்டல்களை மீறி 21 குடியரசுக் கட்சியினர் எதிர்த்து வாக்களிக்க, 31க்கு 19 என்று தோற்றது. எனவே சரிந்துவிட்டதா என்றால், முழுவதும் இல்லை என்பதே என் பதில். தனி மனிதர்களின் முதுகெலும்பை நம்பி நிற்கிறது என்பது வேண்டுமானால் சரி.

விதியை மாற்ற முடியாதா? முடியும். முர்கோவ்ஸ்கி 2021இல் செனட்டின் பதவிநீக்க விசாரணையில் டிரம்பைக் குற்றவாளி என்று வாக்களித்தும் 2022இல் மீண்டும் வென்றதற்கு, அலாஸ்காவின் பொதுப் பிரைமரியும் (எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில்) விருப்ப வரிசை வாக்கும் (வேட்பாளர்களை முதல், இரண்டாம் விருப்பம் என வரிசைப்படுத்துவது) முக்கியக் காரணங்கள். அந்த முறையை ஒழிக்க 2024 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பு, ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றது. அதே நாளில் நெவாடா, ஐடஹோ, கொலராடோ மாநிலங்களில் பிரைமரியைப் பொதுவாக்கும் யோசனைகள் மக்கள் முன் வைக்கப்பட்டன. மூன்றிலும் மக்களே வேண்டாம் என்றார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பெரிய கட்சிகளும் நெவாடாவில் இதை எதிர்ப்பதில் மட்டும் ஒரே அணியில் நின்றன.